ரொக்க மதிப்பு கிடையாது

மார்ச் 3

சின்னவனுக்கு,

என் நம்பரை நீ முடக்கிவிட்டாய் என்று நேற்றுதான் புரிந்தது. மூன்று நாளாக ஒரு தடவை மணி அடித்ததுமே கட்டாகிறது. உன் மனைவியும் எடுப்பதில்லை. சரி, தபால்காரரை யாரும் முடக்க முடியாது. இந்த ஹோட்டல் அறை மேஜையில் கிடந்த குறிப்புத்தாளிலேயே எழுதுகிறேன். முழுதாகப் படி. ஞாயிற்றுக்கிழமை போனில் பாதி கேட்டு மீதி கேட்காமல் வைத்த மாதிரி வைத்துவிடாதே.

பதினொரு வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஸ்கேன் மெஷின் பழுது பார்க்கிறேன். அறை வாடகை கம்பெனி கட்டுகிறது, தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் இலவச அறைக்கான பாயிண்ட் எனக்குச் சேர்கிறது. அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவனே நீதான். "எங்க ஹோட்டல்லயே தங்குக்கா, வெளியூர்ல தூங்கினாலும் வீணாப் போகாது" என்று நீ சொன்னதால், மெஷினுக்குப் பக்கத்தில் வேறு நல்ல ஹோட்டல் இருந்தாலும் நான் உங்கள் குழுமத்து ஹோட்டலையே தேடிப் போனேன்.

என் வீட்டுக்காரர், உன் மாமாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அந்த மனுஷன் இதுவரை ஒரு ஹோட்டல் அறையில் தூங்கியதில்லை. நானோ வருஷத்தில் நூறு நாள் அங்கேதான் கிடக்கிறேன். மே மாதம் பஸ் ஓடாது. உங்கள் குழுமத்துக் கடலோர ஹோட்டலில் பத்து நாள் அவரோடு இருக்கலாம் என்று திட்டம். போன வாரம் அறை எடுக்கத் திறந்தால் கணக்கு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பிப்ரவரியில் அதே கடலோர ஹோட்டலில் யாரோ பத்து நாள் தங்கியிருக்கிறார்கள், என் பாயிண்டில். யார் என்று கேட்டால், அது விருந்தினரின் அந்தரங்கமாம். சொல்ல மாட்டார்களாம். திருடனுக்கு இருக்கிற அந்தரங்கம் எனக்கு இல்லை.

கணக்கில் இரண்டாவது தொடர்பாக இருப்பது உன் மெயில். ஜனவரியில் நீயே போன் பண்ணி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டாய். பிப்ரவரியில் உன் மனைவியும் மகளும் கடற்கரையில் நிற்கிற படம் வந்தது. பின்னால் தெரிவது அந்த ஊர்க் கலங்கரை விளக்கம். முன்பு ஒரு தடவை நடந்தது எனக்கும் மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது.

எடுத்தாயா என்றுதானே கேட்டேன்? "இல்லக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கம்பெனிக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டேன். அது என் உரிமை.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் என்கிறாய். அந்த ஒரு வார்த்தையை உன்னிடம் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. நீ கேட்ட குரல் அப்படி. மாமா போன் பண்ணியிருந்தால் கூட "என்னப்பா, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றுதான் தொடங்கியிருப்பார்.

ஜனவரியில் ஏன் கேட்டேன் என்றால், ஏப்ரல் முதல் விதி மாறுகிறது, பழைய பாயிண்டுகளில் கொஞ்சம் காலாவதியாகும் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. உனக்கு நஷ்டம் வரக் கூடாது என்று கேட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கடற்கரைப் படமா? என் மனைவியோடு படித்தவள் அந்த ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். இரண்டு நாள் அவள் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தோம். கலங்கரை விளக்கம் ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். அதைக் கண்டுபிடித்த உன் கண்ணுக்கு, படத்தில் என் மகள் கையில் கட்டு போட்டிருந்தது மட்டும் படவில்லை. மணிக்கட்டு பிசகியிருந்தது. இன்றுவரை நீ கேட்கவில்லை.

அந்த மெயிலை நான் திறந்து ஆறு வருஷம் ஆகிறது.

முன்பு நடந்ததையும் நீயே இழுத்தாய். ஆமாம், இருபத்தொரு வயதில் உன் செயினை எடுத்து அடகு வைத்தேன். ஏழு மாதத்தில் மீட்டுக் கொண்டு வந்து உன் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ரிசப்ஷனில் நிற்கிறேன். விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போன கடிகாரம், பர்ஸ், ஒரு தடவை கல்யாண நகைப் பெட்டி, எல்லாம் என் கை வழியாகத்தான் திரும்பிப் போயிருக்கிறது.

இப்போது உன் உரிமைக்கு வருவோம். நேற்று மேனேஜர் கூப்பிட்டார். உன் புகாரில் என் பெயர், என் ஊழியர் எண், நான் வேலை செய்கிற கிளை எல்லாம் இருக்கிறது. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டார்கள். லாபியில், எல்லோரும் பார்க்க.

தம்பி


மார்ச் 14

சின்னவனுக்கு,

வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. புகார்ப் படிவத்தில் "இக்கணக்கை அணுகக்கூடிய பிறர் யார்" என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்டார்கள், எழுதினேன். பொய் எழுதவில்லையே? நீ அங்கே வேலை செய்வது உண்மை, கணக்கை நீ தொடங்கியது உண்மை.

பாப்பாவின் கை இப்போது எப்படி இருக்கிறது?

நான் மட்டும் இங்கே நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைக்காதே. கம்பெனியிலிருந்து பதில் வந்தது. "பாயிண்டுகளுக்கு ரொக்க மதிப்பு கிடையாது, எனவே இதனைத் திருட்டு என வகைப்படுத்த இயலாது" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று தடவை படித்தேன். பாப்பா காய்ச்சலில் இருக்கிறாள் என்று நீ சொன்ன வாரம், என் மாமியார் விழுந்து இடுப்பு உடைந்த வாரம், மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று, எல்லாம் நான் ஏதோ ஒரு ஊரில் அவர்களுடைய வெள்ளை விரிப்பில் படுத்திருந்தேன். அதற்கு மதிப்பு இல்லையாம்.

மாமா என்ன சொல்கிறார் தெரியுமா? "போனாப் போகட்டும் விடு, நம்ம வீட்டு மாடியில காத்து நல்லாத்தான் வருது" என்கிறார். எனக்கு அதைக் கேட்டால் இன்னும் எரிகிறது. அவருக்குக் கோபம் வந்தால் நான் பாதியை இறக்கி வைப்பேன். வரமாட்டேன் என்கிறது.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. ஊழியர் யாராவது இதில் ஈடுபட்டது உறுதியானால் பாயிண்டுகளை முழுதாகத் திருப்பித் தருவார்களாம். நான் எதையும் குறிப்பாகச் சொல்லவில்லை. இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

இருந்ததை அப்படியே எழுதும் பழக்கம் உனக்கு இருப்பது நல்லது. விசாரணையில் நடந்ததை நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மீட்டிங் அறை. மூன்று பேர். பத்து மணிக்கு வரச் சொல்லி, பன்னிரண்டரை வரைக்கும் வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் வேலை கற்றுக்கொடுத்தவர்கள் காபி கொண்டு போகும்போது என்னைப் பார்க்காமல் போனார்கள். உள்ளே போனதும் ஒரு அம்மாள் உன் புகாரை வாசித்தார். கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் நீ ஒரு வரி எழுதியிருக்கிறாய். "இவர் முன்பும் ஒரு முறை எனக்குச் சொந்தமான பொருளை எனக்குத் தெரியாமல் எடுத்துள்ளார்."

எந்தக் கட்டத்தில் அக்கா கேட்டார்கள் அதை?

"இது உண்மையா?" என்றார் அந்த அம்மாள். "உண்மைதாங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். என் மனைவிக்கே அந்தச் செயின் விஷயம் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து, வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டாள். அப்புறம், "உங்க அக்கா இந்த ஊருக்கு ஒம்போது தடவை வேலையா வந்திருக்காங்க. ஒரு தடவையாவது நம்ம வீட்ல தங்கினாங்களா? ஒவ்வொரு தடவையும் பாயிண்டுக்காகத்தானே ஹோட்டலுக்குப் போனாங்க" என்றாள்.

போகட்டும். விசாரணையில் ஒரு தாளைக் காட்டினார்கள். உன் கணக்கின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது பிப்ரவரி 11, பகல் 11.40. மாற்றுவதற்கான ஆறு இலக்க நம்பர் போனது என் மெயிலுக்கு இல்லை. உன் செல்போனுக்கு. அந்த நேரத்தில் உன் போன் யார் கையில் இருந்தது என்று யோசி. யோசித்துவிட்டு எனக்கு எழுத வேண்டாம், அவர்களுக்கு எழுது.

தம்பி


மார்ச் 24

சின்னவனே,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 11 அன்று எங்கே இருந்தேன் என்று டைரியைப் பார்த்தேன். ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினின் போர்டு மாற்றிக்கொண்டிருந்த நாள். போன் என்னிடம்தான் இருந்தது என்று அடித்துச் சொல்லத் தயாராக இருந்தேன். நேற்று அதே ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனேன். அங்கே மெஷினை இயக்குகிற பெண், டீ கொண்டு வந்து வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "மேடம், அன்னைக்கு ஹோட்டல்லேர்ந்து நம்பர் கேட்டாங்களே, போனஸ் பாயிண்ட் வந்துச்சா?"

கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி மெஷினுக்குள் விழுந்தது. எடுக்க அரை மணி ஆனது.

அன்று என் இரண்டு கையும் மெஷினுக்குள் இருந்தன. ஒரு கேபிளை விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன் அடித்தது. அவளைத்தான் எடுத்துக் காதில் வைக்கச் சொன்னேன். எதிர்முனையில் அவ்வளவு மரியாதையான குரல். "போன வாரம் 412-ல தங்கியிருந்தீங்க மேடம், ஏசி சத்தம் போடுதுன்னு புகார் குடுத்தீங்க. அதுக்கு எங்க சார்பா போனஸ் பாயிண்ட் தர்றோம். இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க." 412 உண்மை. ஏசி உண்மை. அவள் திரையைப் பார்த்து ஆறு எண்ணையும் வாசித்தாள், நான் தலையாட்டினேன். அவளே சொன்னாள், "ரெண்டு தடவை தேங்க்ஸ் சொன்னீங்க மேடம்" என்று. திருடனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அது என் நினைவிலேயே இல்லை. நீ எடுத்த செயின் மட்டும் பதினெட்டு வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது.

விதிமுறைகளைப் படித்தேன். உறுப்பினரே எண்ணைச் சொல்லியிருந்தால் ஒரு பாயிண்ட் கூடத் திரும்பாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஊழியர் தவறு என்று முடிந்து எல்லாம் திரும்பி வரலாம். அந்த நினைப்பே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் வந்து போனது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவும் என் மேல் எனக்குக் கோபம்.

இன்று காலை கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். எண்ணைக் கொடுத்தது நான், என் தம்பிக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை, ஓரத்தில் எழுதிய வரி எழுதியிருக்கவே கூடாதது என்று எழுதினேன். நகல் இதோடு இருக்கிறது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி முடித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அது போதாது.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

நகல் கிடைத்தது. என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

எனக்கு ஆறிவிட்டது என்று நினைக்காதே. மூன்று வாரமாக ஷிப்ட் இல்லாமல் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா "லீவாப்பா?" என்று கேட்பதற்குப் பதில் தயார் பண்ணுவதே ஒரு வேலையாகிவிட்டது. கை சரியாகிவிட்டது அவளுக்கு.

நேற்று மேனேஜர் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார். "போதிய ஆதாரம் இல்லாததால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது. எச்சரிக்கையுடன் பணிக்குத் திரும்பலாம்." எதற்கு எச்சரிக்கை? ஆதாரம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? செய்தவன்தான், மாட்டவில்லை என்றுதானே? "சார், நான் செய்யலைன்னு ஒரு வரி போட்டுக் குடுங்க" என்றேன். "அதெல்லாம் தலைமை அலுவலகம்ப்பா. வேலை கிடைச்சுதே, பேசாம வா" என்றார். நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. வேலைக்கும் திரும்பவில்லை.

இன்னொரு விஷயம். உன் மேல் கோபம் இருந்தாலும் அதைவிடப் பெரிய கோபம் இப்போது வேறு பக்கம் இருக்கிறது. நீ எண்ணைச் சொன்னது முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ 412-ல் தங்கியதும் ஏசி புகார் கொடுத்ததும் அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்? அந்தப் புகார் ஹோட்டல் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். என்னைப் போல ரிசப்ஷனில் நிற்பவர்களும் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவர்களும்தான் பார்க்க முடியும். உள்ளே யாரோ விற்கிறான். என்னை லாபியில் நிற்க வைத்து அட்டையைக் கழற்றியவர்கள், அவனைத் தேடவே இல்லை.

தம்பி


ஏப்ரல் 8

சின்னவனுக்கு,

நேற்று முன்தினம் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். ராத்திரி வேலை முடித்து நேராகப் போனதால் கையில் டூல் பாக்ஸ். வாசலில் செக்யூரிட்டி அதைத் திறந்து, மல்டிமீட்டர் என்ன வெடிக்குமா என்கிற மாதிரி பார்த்தார்.

புகார்ப் பிரிவு அதிகாரி மிகவும் இனிமையானவர். அதுவே எனக்கு எரிச்சல்.

"மேடம், பாயிண்ட்டுக்கு ரொக்க மதிப்பு கிடையாது" என்று தொடங்கினார்.

"மதிப்பு இல்லாததை எதுக்கு சார் ஒருத்தன் மெனக்கெட்டுத் திருடணும்?"

"நீங்களே நம்பரைச் சொல்லியிருக்கீங்களே."

"சொன்னேன். தப்புதான். எழுதியே குடுத்துட்டேன். நான் 412-ல இருந்ததும் ஏசி கத்தினதும் அவனுக்கு யாரு சொன்னா? ஏசியா போன் பண்ணிச்சு?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவர் என்னை உள் அறைக்கு அழைத்துப் போனார். தண்ணீர் வந்தது. பிறகு ஒரு தாள் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் பாதிப் பாயிண்டுகளைத் திருப்பித் தருவார்களாம். தகவல் கசிவு பற்றி இனி எங்கும் புகார் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பாதி என்றால் அந்தக் கடலோர ஹோட்டலில் ஐந்து நாள். மாமாவின் முகம் மனதில் வந்தது, மறைக்கவில்லை. தாளை அவர் பக்கமே தள்ளினேன்.

"பாயிண்ட்டை நீங்களே வச்சுக்கங்க. என் தம்பி இதுல எந்தத் தப்பும் பண்ணலைன்னு ஒரு லெட்டர் குடுங்க. எச்சரிக்கைங்கற வார்த்தை இருக்கக் கூடாது."

"அது நடைமுறையில இல்லை மேடம்."

"புகார் குடுத்தவளே பொய்யின்னு சொல்றேன். அப்புறம் யாருக்காக அதைக் கட்டிக் காப்பாத்தறீங்க?"

காலை பத்து மணிக்குப் போனவள் நாலரை மணி வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. நீ இரண்டரை மணி நேரம் வெளியே உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒன்று சொன்னேன். "எங்க கம்பெனியில அறுபது இன்ஜினியருங்க. எல்லாருமே உங்க ஹோட்டல்லதான் தங்கறோம். இந்தக் கதையை அறுபது பேருக்கும் நான் சொல்லட்டுமா, இல்ல நீங்க லெட்டர் அடிக்கறீங்களா?"

அடித்தார்கள். அசல் இதோடு இருக்கிறது. "குற்றச்சாட்டு தவறானது, ஊழியர் எவ்விதத் தவறும் செய்யவில்லை, நிறுத்தி வைத்த நாட்களுக்கான சம்பளம் வழங்கப்படும்." முத்திரை சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவை போடச் சொன்னேன். திரும்பும் வழியில் போலீஸில் தகவல் கசிவைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினேன்.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எனக்காக. உன் மனைவி சொன்ன அந்த ஒன்பது தடவை சரியான கணக்கு.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

லெட்டர் கிடைத்தது. மேனேஜர் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் படித்தார். அட்டையை நீட்டினார். "இங்க வேணாம் சார், லாபியில குடுங்க" என்றேன். வந்து கொடுத்தார்.

வேலைக்குத் திரும்பி ஐந்தாம் நாள், நேற்று மதியம், ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், மூன்று பெட்டி. பாயிண்டில் எடுத்த அறை, நான்கு நாள். கணக்கு வேறு ஒரு அம்மாளின் பெயரில். "யாருங்க இவங்க?" என்று கேட்டேன். "தெரியாதுங்க. ஏஜென்ட் கிட்ட பாதி விலைக்கு வாங்கினோம்" என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் மறைக்காமல். வழக்கமாக நாங்கள் அடையாள அட்டை நகல் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவோம். உன் பத்து நாளும் அப்படித்தான் போயிருக்கும். நான் கொடுக்கவில்லை. கணக்கில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன்.

"ஹோட்டல்லேர்ந்து பேசறேம்மா. உங்க பாயிண்ட்டுல..."

"வந்துட்டியா? நம்பர் கேப்பியே, கேளு."

"நம்பர் எதுவும் வேணாம்மா. நீங்க இங்க ரூம் எடுத்திருக்கீங்களான்னு மட்டும்..."

"நான் முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவடா. உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! முதல்ல உன் பேர் என்ன, எந்தக் கிளை, மேனேஜர் யாரு, சொல்லு. திருட்டுப் பயலே!"

எல்லாம் சொன்னேன். "என்னையும் நம்பாதீங்கம்மா. உங்க மெம்பர் அட்டைக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு நீங்களே கூப்பிடுங்க" என்றேன். திட்டிக்கொண்டே வைத்தார். கால் மணியில் அந்த புக்கிங் ரத்தாகி, பாயிண்ட் அவர் கணக்குக்குத் திரும்பியது. என் கண் முன்னால் திரையில் பார்த்தேன்.

பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அந்த மனைவி அழத் தொடங்கிவிட்டார். "அப்ப நாங்களும் திருடங்களா?" என்று கணவன் கத்தினார். "இல்லைங்க, நீங்களும் ஏமாந்தவங்கதான்" என்றேன். ஊழியர் சலுகையில் என் பெயரில் ஒரு அறை போட்டுக் கொடுத்தேன். அந்த ஏஜென்டின் போன் நம்பரை அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் போலீஸ் ரசீதோடு சேர்த்துக் கொடு. தனித் தாளில் இதோடு வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அந்த நர்ஸ் அம்மாள் ஹோட்டல் நம்பருக்கே கூப்பிட்டு என்னைக் கேட்டார். நன்றி சொன்னார், திட்டியதற்கு வருத்தம் என்றார். "பரவாயில்லைம்மா, யார் கேட்டாலும் இப்படியே திட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, நானே சிரித்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்குள் என்னைத் திருடன் என்று சொன்ன இரண்டாவது பெண் அவர். ஆனால் அவர் முதலில் என் பெயரைக் கேட்டார்.

உன் விஷயத்தில் இப்போதைக்கு இவ்வளவுதான் சிரிக்க முடிகிறது. மிச்சக் கோபம் கடிதத்தில் தீராது, தபால் செலவுதான். மாமாவையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வா, நேரில் உட்கார்ந்து சண்டை போடலாம்.

தம்பி